ஹேக் கோர்ட்டுல பாதிக்கப்பட்டவங்களுக்குத் தர்ற வக்கீல் சர்வீஸ்: பாளையங்கோட்டையில இருந்து ஒரு ரிவ்யூ

மொதல்லயே மார்க்கை சொல்லிடுறேன், அஞ்சுக்கு மூணரை. பாதிக்கப்பட்ட ஜனங்களுக்குன்னு தனி வக்கீல், கோர்ட் ஹால்ல தனி இடம், தனி மைக், கையில காசு இல்லாதவங்களுக்கு ஃபீஸை கோர்ட்டே பாத்துக்குது, இதுக்கெல்லாம் முழு மார்க். தீர்ப்பும் நஷ்டஈடும் வந்து சேர ஆகிற காலத்துக்கும், வக்கீலைத் தேர்ந்தெடுக்கிறதுல ஜனங்களோட பேச்சு எடுபடாம போறதுக்கும் சேர்த்து ஒன்றரை மார்க்கை எடுத்துட்டேன். நெதர்லாந்து நாட்டு ஹேக் நகரத்துல இருக்கிற சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தோட வக்கீல் ஏற்பாட்டைத்தான் சொல்றேன்.

நான் பாளையங்கோட்டை கோர்ட்ல பிராக்டிஸ் பண்றவன், பெரும்பாலும் அடி வாங்கினவங்க பக்கம்தான் ஆஜராவேன், எஸ்சி எஸ்டி வன்கொடுமைச் சட்டக் கேஸ், கொலை கேஸ்ல செத்தவர் குடும்பம், இப்படி. ஹேக் கோர்ட்டோட ஆர்டர், பெட்டிஷன், சாட்சி விசாரணை பதிவுல ரகசியம் இல்லாத பகுதி எல்லாமே அவங்க சைட்ல கிடக்கு, யாரு வேணும்னாலும் இறக்கிப் படிக்கலாம், விசாரணையையும் அரை மணி நேரம் தள்ளி ஒளிபரப்புறாங்க. ராத்திரி ஆபீஸ்ல கட்டு எல்லாம் எடுத்து வச்ச பிறகு அதைப் பாக்கிறது எனக்குப் பழக்கமாயிருச்சு. வேற எதையும் பாக்க மாட்டேன், பாதிக்கப்பட்டவங்க வக்கீல் எப்ப எந்திரிக்கிறார், என்ன கேக்கிறார், ஜட்ஜ் எவ்வளவு நேரம் விடுறார், இதைத்தான் பாப்பேன். ஏன்னா இங்க எங்களுக்கு அதுதான் கிடைக்க மாட்டேங்குது.

பழைய கதையைச் சுருக்கமா சொன்னா, நியூரம்பர்க்ல நாஜிக்களை விசாரிச்சப்பவும் சரி, 1990கள்ல யூகோஸ்லாவியாவுக்கும் ருவாண்டாவுக்கும் தனித்தனியா கோர்ட் போட்டப்பவும் சரி, பாதிக்கப்பட்டவன் அங்க வெறும் சாட்சி மட்டும்தான். கூண்டுல ஏறி கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டு இறங்கிப் போயிரணும். 1998ல ரோம்ல ஒப்பந்தம் போட்டு 2002 ஜூலை 1ல இருந்து ஹேக் கோர்ட் அமலுக்கு வந்தப்பதான் நிலைமை மாறிச்சு. அந்த ஒப்பந்தத்தோட 68வது பிரிவு, 3வது உட்பிரிவு, பாதிக்கப்பட்டவங்களோட நலன் தொடப்படுற இடத்துல அவங்க கருத்தைக் கோர்ட் கேக்கணும், குற்றம் சாட்டப்பட்டவரோட நியாயமான விசாரணைக்கு அதனால குந்தகம் வரக்கூடாது, அவ்வளவுதான் சொல்லுது. சின்ன பிரிவுதான், ஆனா அதை வச்சுதான் இந்த சர்வீஸ் மொத்தமும் நிக்குது. 75வது பிரிவு நஷ்டஈடு, 79வது பிரிவு பாதிக்கப்பட்டவங்களுக்கான அறக்கட்டளை நிதி. 2005ல கோர்ட்டுக்குள்ளேயே பாதிக்கப்பட்டவங்களுக்குன்னு ஒரு அரசு வக்கீல் அலுவலகம் மாதிரி தனி ஆபீஸ் திறந்தாங்க, பாவோலினா மாசிடாங்கிற அம்மாதான் அதுக்குத் தலைமை. சம்பளம் கோர்ட்டு தருது, ஆனா அவங்க வேலையில கோர்ட்டோ பிராசிக்யூஷனோ தலையிட முடியாது.

தனி வக்கீல் எதுக்கு, பிராசிக்யூட்டரே நம்ம பக்கம்தானேன்னு நிறைய பேரு கேப்பாங்க, நம்ம ஊர்லயும் கேக்கிறாங்க. அதுக்கு லுபாங்கா கேஸை எடுத்துக்கிட்டா போதும். காங்கோ நாட்டு இத்தூரி பகுதியில சின்னப் பிள்ளைகளைப் பிடிச்சு துப்பாக்கி குடுத்து சண்டைக்கு அனுப்பின தாமஸ் லுபாங்கா, ஹேக் கோர்ட்டோட முதல் விசாரணையே அவர் மேலதான். பிராசிக்யூஷன் போட்ட குற்றச்சாட்டுல பிள்ளைகளைப் படையில சேத்தது மட்டும்தான் இருந்துச்சு, அந்தப் பொம்பளப் பிள்ளைகளுக்கு முகாமுக்குள்ள நடந்த பாலியல் கொடுமை இல்லவே இல்லை. சாட்சிகள் கூண்டுல ஏறி அதைச் சொல்லச் சொல்ல, பாதிக்கப்பட்டவங்க வக்கீல்கள்தான் 2009 மே மாசம் சேர்ந்து ஒரு மனு போட்டாங்க, சாட்சியத்துல வந்திருக்கு, அதுக்கும் சேர்த்து குற்றத்தோட சட்டத் தன்மையை மாத்துங்கன்னு. ஜூலைல விசாரணை நீதிபதிகள்ல பெரும்பான்மை ஒத்துக்கிட்டாங்க. டிசம்பர்ல அப்பீல்ல அது அடிபட்டுப் போச்சு. தோத்தாங்க, சரி. ஆனா அந்தப் பிள்ளைகளுக்கு நடந்ததை கோர்ட் ரெக்கார்டுல குற்றம்னு எழுத வைக்கணும்னு ஒருத்தர் எந்திரிச்சு நின்னு கேட்டார் பாருங்க, அதை பிராசிக்யூஷன் செய்யலை, செய்யவும் செய்யாது, ஏன்னா அதுக்கு ஜெயிக்கிற கேஸ் வேணும், பாதிக்கப்பட்டவளுக்கு நடந்தது நடந்த மாதிரியே பதிவாகணும். இது ரெண்டும் பல நேரம் ஒரே பாதையில போகும், சில நேரம் பிரிஞ்சிரும், பிரியுற இடத்துல பக்கத்துல நிக்க ஆள் வேணும்.

நம்ம கோர்ட்ல இதே மாதிரி இடம் தினமும் வருது. எஃப்ஐஆர்ல இருந்த ஒரு பிரிவு சார்ஜ்ஷீட்ல காணாமப் போயிருக்கும். முக்கியமான சாட்சியை பிபி, அதாவது அரசுத் தரப்பு வக்கீல், குறுக்கே கேக்காம விட்டுருவார். நான் பின்னாடி பெஞ்ச்ல உக்காந்து துண்டுச்சீட்டுல எழுதி முன்னாடி நீட்டணும், அவர் படிச்சா உண்டு. நாங்குநேரி பக்கத்துப் பெரியவர் ஒருத்தர், மகனைப் பறிகுடுத்தவர், வராந்தாவுல என் கையைப் பிடிச்சுக்கிட்டு கேட்டார், "ஏன் சார், அந்தப் பக்கம் வக்கீல் அவ்ளோ பேசுதாவ, நீங்க எந்திரிச்சு ஒரு வார்த்தை பேசமாட்டியளா?" சட்டத்தை எடுத்துச் சொன்னேன். குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 2009 கடைசியில அமலுக்கு வந்த திருத்தப்படி பாதிக்கப்பட்டவங்க சொந்தமா வக்கீல் வச்சுக்கலாம், ஆனா பிராசிக்யூஷனுக்கு உதவியா மட்டும்தான். இப்ப அதுக்குப் பதிலா வந்திருக்கிற பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவுலயும் அதேதான், பிபி சொல்படி நடக்கணும், சாட்சியம் முடிஞ்சப்புறம் கோர்ட் அனுமதிச்சா எழுத்துல வாதம் குடுக்கலாம். வாய் வாதமும் சாட்சியை விசாரிக்கிறதும் பாதிக்கப்பட்டவங்க வக்கீலுக்கு உரிமையா கிடையாதுன்னு ரேகா முரார்கா கேஸ்ல 2019ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு. அப்புறம் 2022ல விவசாயிகள் மேல கார் ஏத்தின லக்கிம்பூர் கேரி கேஸோட ஜாமீன் விவகாரத்துல, பாதிக்கப்பட்டவங்களை ஒவ்வொரு கட்டத்துலயும் கேக்கணும்னு அதே சுப்ரீம் கோர்ட் சொன்னது பெரிய ஆறுதல், வன்கொடுமைச் சட்டத்துல 15ஏ பிரிவும் ஜாமீன்ல இருந்து தண்டனை வரைக்கும் எங்களைக் கேக்கணும்னு சொல்லுது. ஜாமீன் மனுவுல இதை வச்சு எந்திரிச்சுப் பேசிடுவோம். சாட்சி விசாரணைன்னு வந்துட்டா மறுபடியும் துண்டுச்சீட்டுதான்.

1999 ஜூலை 23, கூலி உயர்வு கேட்டுப் போன மாஞ்சோலைத் தொழிலாளர் ஊர்வலத்துல தாமிரபரணிக்குள்ள 17 பேர் செத்த ஊர் இது. கொக்கிரகுளம் பாலத்துல போகும்போதெல்லாம் அந்த ஞாபகம் வரும். பாதிக்கப்பட்டவனுக்குத் தனி வக்கீல் தேவையாங்கிற கேள்வி நம்ம ஊருக்கு வெளிநாட்டுச் சமாச்சாரம் கிடையாது.

ஹேக்ல எப்படின்னா, ஆரம்ப உரை, முடிவுரை ரெண்டும் பாதிக்கப்பட்டவங்க வக்கீலுக்கு உண்டு, நீதிபதி அனுமதி வாங்கி சாட்சியைக் கேள்வி கேக்கலாம், தன் பக்க சாட்சியையும் கொண்டு வரலாம். உகாண்டா கிளர்ச்சிப் படைத் தளபதி டொமினிக் ஓங்வென் கேஸ்ல 2018 மே மாசம் பாதிக்கப்பட்டவங்க தரப்பே தனியா சாட்சிகளைக் கூப்பிட்டு விசாரிச்சுது. 4,000க்கும் மேல கட்சிக்காரங்க, லுகோடி, பஜூலே, ஒடேக், அபோக்னு உள்நாட்டுலயே இடம்பெயர்ந்தவங்க இருந்த நாலு முகாம் தாக்குதல்ல தப்பிச்சவங்க, பிடிச்சுட்டுப் போகப்பட்ட பொம்பளைங்க, பிள்ளைங்க. அத்தனை பேருக்கும் ரெண்டு டீம் வக்கீல்கள், ஊருக்குள்ள அவங்க பாஷை தெரிஞ்ச உதவியாளர்கள், கோர்ட்ல என்ன நடந்துச்சுன்னு கிராமம் கிராமமா போய் சொல்றதுதான் அவங்க வேலையில பாதி. இந்த ஊருக்குப் போற ஆள் ஏற்பாடுதான் இந்த சர்வீஸ்லயே எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். நம்ம கட்சிக்காரங்க வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏறி சமாதானபுரத்துல இறங்கி, மதியம் வரைக்கும் மரத்தடியில உக்காந்துட்டு, என்ன நடந்துச்சுன்னே தெரியாமத் திரும்பிப் போறதைப் பாக்கிறவனுக்குத்தான் அதோட அருமை புரியும்.

அடுத்து விண்ணப்பப் படிவம், அதுக்கும் நல்ல மார்க். பெரிய சட்ட வார்த்தை கிடையாது. யாரு நீங்க, என்ன நடந்துச்சு, எங்க, எப்ப, யாரு செஞ்சதா நினைக்கிறீங்க, உடம்புக்கு மனசுக்கு சொத்துக்கு என்ன சேதம், கோர்ட்ல கலந்துக்கணுமா, நஷ்டஈடு வேணுமா, கடைசியில கையெழுத்து, இல்லாட்டி கைநாட்டு. அடையாளத்துக்கு பாஸ்போர்ட்தான் வேணும்னு அடம் பிடிக்க மாட்டாங்க. சண்டை நடந்த ஊர்ல எவன்கிட்ட பாஸ்போர்ட் இருக்கும். காங்கோ கேஸ்கள்ல வாக்காளர் அட்டை, பள்ளிக்கூட அட்டை, முகாம் அட்டை எல்லாம் ஏத்துக்கிட்டாங்க, எதுவுமே இல்லைன்னா இவர் இன்னார்தான்னு நம்பகமான ரெண்டு பேர் கையெழுத்துப் போட்ட வாக்குமூலம் கூடப் போதும். ஏத்துக்கிட்டதும் பேருக்குப் பதிலா ஒரு நம்பர் குடுத்துருவாங்க, ஏ/0001/06ங்கிற மாதிரி, கடைசி ரெண்டு இலக்கம் மனு போட்ட வருஷம். வெளியே போற எந்தப் பேப்பர்லயும் அந்த நம்பர்தான் இருக்கும். சாட்சி சொன்னான்னு தெரிஞ்சா ஊருக்குள்ள இருக்க முடியாதவங்களுக்கு அந்த நம்பர் எவ்வளவு பெரிய விஷயம்னு வன்கொடுமை கேஸ் நடத்துற எவனுக்கும் தெரியும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். வக்கீலுக்கும் ஜனங்களுக்கும் நடுவுல நிக்கிற ஆளுங்களால லுபாங்கா கேஸ்ல பெரிய சேதம் ஆச்சு. பாதிக்கப்பட்டவங்கன்னு வந்து சாட்சி சொன்ன சிலரோட அடையாளமே பொய்னு நீதிபதிகள் சந்தேகப்பட்டு, 2012 தீர்ப்புல அவங்களுக்குக் குடுத்த அனுமதியை ரத்து பண்ணிட்டாங்க. நிஜமா பாதிக்கப்பட்ட பிள்ளைகளோட வார்த்தை மேலயும் அந்த நிழல் விழுந்துச்சு. நம்ம பக்கம் ஆஸ்பத்திரி வாசல்ல வந்து நிக்கிற புரோக்கர்களை நினைச்சுக்கோங்க, நஷ்டஈட்டுல பங்கு கேப்பான், அவன் சொல்லிக் குடுத்த கதை குறுக்கு விசாரணையில கந்தலாயிரும்.

வக்கீலைத் தேர்ந்தெடுக்கிற விஷயத்துல மார்க் குறையுது. விதிப்படி பாதிக்கப்பட்டவர் தனக்குப் பிடிச்ச வக்கீலை வச்சுக்கலாம். பத்து வருஷ அனுபவம், இங்கிலீஷ் இல்லாட்டி பிரெஞ்சு சரளமா வரணும், கோர்ட் பட்டியல்ல பேர் இருக்கணும். ஆனா ஆயிரக்கணக்கான பேர் வரும்போது எல்லாருக்கும் சேர்த்து ஒரு பொது வக்கீல்னு கோர்ட் சொல்லிரும், வேற வழியும் இல்லைதான். ஓங்வென் கேஸ்ல ஒரு பெரிய கூட்டம் உகாண்டா வக்கீல் ஜோசப் மனோபாவையும் பிரான்சிஸ்கோ காக்ஸையும் தாங்களே பவர் எழுதிக் குடுத்து வச்சுக்கிட்டாங்க, ஆனா கோர்ட் நியமிச்ச வக்கீல் இல்லைங்கிறதால அவங்களுக்கு சட்ட உதவிப் பணம் கிடைக்கிறதுல ஆரம்பத்துலயே சிக்கல் ஆச்சு. ஏழை தன் வக்கீலைத் தானே தேர்ந்தெடுத்தா காசு இல்ல, கோர்ட் தேர்ந்தெடுத்தா காசு உண்டுன்னா அது என்ன தேர்வு. நம்ம நாட்டுல வன்கொடுமை விதிகள் 1995, விதி 4(5), பாதிக்கப்பட்டவங்க விரும்பினா கலெக்டர் பேர் பெற்ற சீனியர் வக்கீலை அரசு ஃபீஸ்ல நியமிக்கலாம்னு இருக்கு. எழுத்துல பாத்தா இது ஹேக் ஏற்பாட்டை விட ஒரு படி மேல, ஏன்னா அந்த வக்கீல் பின்னாடி உக்கார வேண்டாம், கேஸையே அவர்தான் நடத்துவார். அந்த மனுவை எழுதிக்கிட்டு கலெக்டர் ஆபீஸ் படி ஏறுற குடும்பம் ரொம்பக் குறைவு, இப்படி ஒரு விதி இருக்குன்னு யாரும் அவங்களுக்குச் சொல்றதில்லை. வேணும்கிறவங்க கேளுங்க, மனு நானே எழுதித் தர்றேன்.

இனி காலமும் காசும். காங்கோல பொகோரோ கிராமத்தை அடிச்சது 2003 பிப்ரவரி 24. அதுக்காக கிளர்ச்சிப் படைத் தலைவர் ஜெர்மைன் கடங்கா மேல நடந்த கேஸ்ல நஷ்டஈடு உத்தரவு வந்தது 2017 மார்ச். 14 வருஷம். 297 பேருக்கு ஆளுக்கு 250 டாலர், அப்போதைய மதிப்புல நம்ம காசுக்கு ஏறக்குறைய 16,000 ரூபாய், அது போக வீடு, படிப்பு, மனநல உதவின்னு கூட்டு நிவாரணம். ஓங்வென் கேஸ்ல 2024 பிப்ரவரி உத்தரவு, சுமார் 50,000 பேரு, ஆளுக்கு 750 யூரோ அடையாளத் தொகை, மொத்தம் 52 மில்லியன் யூரோவுக்கு மேல. ஓங்வென் கையில காசு கிடையாது, அறக்கட்டளை நிதி நாடு நாடா கேட்டு வசூல் பண்ணித்தான் குடுக்கணும். மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு சம்பந்தப்பட்ட பெம்பா கேஸ் இன்னும் கொடுமை, 5,229 பேர் கலந்துக்கிட்டாங்க, 2016ல தண்டனை, 2018 ஜூன்ல அப்பீல்ல விடுதலை, அதோட கோர்ட் மூலமா வரவேண்டிய நஷ்டஈடும் போச்சு. அறக்கட்டளை நிதி தனியா உதவித் திட்டம் அறிவிச்சதால கொஞ்சம் மூச்சு விட முடிஞ்சுது. அத்தனை வருஷம் அந்த ஜனங்களோட பேசிப் பழகின வக்கீல்களுக்கு அந்தச் செய்தியைப் போய்ச் சொல்ற நாள் எப்படி இருந்திருக்கும்னு நினைச்சா எனக்குத் தொண்டை அடைக்குது.

இங்க நம்ம சட்டத்தைப் பாராட்டணும். வன்கொடுமை விதிகள்ல 2016 திருத்தப்படி கொலைன்னா 8.25 லட்சம், போஸ்ட்மார்ட்டம் முடிஞ்சதும் பாதி, சார்ஜ்ஷீட் கோர்ட்டுக்குப் போனதும் மீதி, தீர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். ஹேக்ல தண்டனை உறுதியானாத்தான் காசு. இந்த ஒரு விஷயத்தை அவங்க நம்மகிட்ட கத்துக்கலாம்னு உறுதியா சொல்வேன்.

கம்போடியாவுல ஜனங்களைக் கொன்னு குவிச்ச கெமர் ரூஜ் ஆட்சிக்காரங்களை விசாரிச்ச கோர்ட்ல இன்னொரு மாதிரி, பாதிக்கப்பட்டவங்க வழக்கோட ஒரு தரப்பாவே சேந்துக்கலாம், ரெண்டாவது கேஸ்ல 3,800க்கும் மேல சேந்தாங்க. ஆனா தனி ஆளுக்குப் பணம் கிடையாது, நினைவிடம், பாடத்திட்டம் மாதிரி கூட்டு நிவாரணம் மட்டும். உரிமை கூட, கை வெறுங்கை.

நம்ம மாவட்டத்து முகாம்ல பல காலமா இருக்கிற இலங்கைத் தமிழ் அக்கா ஒருத்தங்க, வேற ஒரு சர்டிபிகேட் விஷயமா வந்தவங்க, என் மேஜையில இருந்த ஹேக் பேப்பரைப் பாத்துட்டு கேட்டாங்க, "தம்பி, அங்க எங்கட கேஸை எடுப்பினமோ? வக்கீலுக்கு ஆர் காசு குடுக்கிறது?" காசு கோர்ட் குடுக்கும் அக்கா, ஆனா கேஸ் எடுக்க வழி இப்போதைக்கு இல்லைன்னு சொல்ல வேண்டியதாயிருச்சு. இலங்கை ரோம் ஒப்பந்தத்துல இல்லை. ஐ.நா. பாதுகாப்பு சபை அனுப்பி வச்சா எடுக்கலாம், சூடானை 2005லயும் லிபியாவை 2011லயும் அப்படித்தான் அனுப்பினாங்க. ரோஹிங்கியா விஷயத்துல மியான்மர் உறுப்பு நாடு இல்லைன்னாலும், விரட்டப்பட்டு வந்து சேந்த பங்களாதேஷ் உறுப்பு நாடுங்கிறதால 2019 நவம்பர்ல விசாரணைக்கு அனுமதி கிடைச்சுது. அந்த அக்கா மாதிரி இலங்கைத் தமிழர் படகு கரை சேந்தது நம்ம ராமேஸ்வரம் பக்கம், இந்தியாவும் உறுப்பு நாடு இல்லை, அந்தக் கதவும் சாத்தியிருக்கு. இதைச் சொல்லி முடிச்சப்ப அவங்க முகத்தைப் பாக்க என்னால முடியலை. இந்தியா அந்த ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடணுங்கிறது என் கருத்து, அதைப் பத்தி யாரு வேணும்னாலும் என்கிட்ட வந்து வாதம் பண்ணலாம்.

ஆனா எல்லாக் கதவும் அடைக்கலை. ஐ.நா. மனித உரிமை கவுன்சில் 2021 மார்ச்ல போட்ட 46/1 தீர்மானப்படி, இலங்கையில நடந்ததுக்கான ஆதாரங்களைச் சேகரிச்சுப் பாதுகாத்து வைக்க ஜெனீவாவுல மனித உரிமை ஆணையர் அலுவலகத்துல தனிப் பிரிவு வேலை செய்யுது, பின்னாடி எந்த நாட்டு கோர்ட்டாவது எடுத்தா அது உதவும். அதனால அந்த அக்காகிட்ட சொன்னதையே இங்கயும் எழுதுறேன், முகாம்ல இருக்கிறவங்களுக்கு மட்டுமில்ல, நம்ம ஊர்ல கேஸ் நடக்கிற குடும்பங்களுக்கும்தான். நடந்ததைத் தேதி, இடம், பக்கத்துல யாரு இருந்தாங்கன்னு உங்க பாஷையிலயே ஒரு நோட்டுல எழுதி வைங்க, அடுத்தவர் சொல்லிக் குடுத்ததைச் சேக்காதீங்க, எழுதின தேதியையும் போடுங்க. ஆஸ்பத்திரி சீட்டு, எஃப்ஐஆர் நகல், முகாம் அட்டை, பழைய போட்டோ எதையும் தூரப் போடாதீங்க. பொம்பளைங்க, பிள்ளைங்க, எஸ்சி எஸ்டி மக்கள், சாதிக் கொடுமையில பாதிக்கப்பட்டவங்க எல்லாருக்கும் வருமானம் பாக்காம இலவச வக்கீல் உண்டு, கோர்ட் வளாகத்துல இருக்கிற சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீஸ்ல நேர்ல கேக்கலாம், 15100க்கு போன் பண்ணியும் கேக்கலாம். அப்புறம் முக்கியமா, ஒரிஜினல் பேப்பரை லேமினேஷன் போட்டுறாதீங்க, பின்னாடி கையெழுத்தையும் சீலையும் சரிபாக்கிறது கஷ்டமாயிரும், சும்மா ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு மழைத்தண்ணி படாத இடத்துல வைங்க, அது போதும்.